பக்கம் மாறிய படகு

ஜெயராஜுக்கு ஐம்பத்தேழு வயது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பெரிய இரும்புத் தொட்டிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷமாக மார்க்கிங் வேலை. படத்தைப் பார்த்து, இரும்புத் தகட்டின் மேல் கோடு போட்டு, புள்ளி குத்திக் கொடுக்க வேண்டும். அவர் போட்ட கோட்டில்தான் வெட்டுவார்கள். வெட்டியதைத்தான் வெல்டிங் வைப்பார்கள். கோடு இரண்டு மில்லி நகர்ந்தால் கடைசியில் தொட்டியின் மூடி உட்காராது. அந்த வேலைக்கு ஆள் அதிகம் பேசாதவராக இருப்பது நல்லது. ஜெயராஜ் இயல்பிலேயே அப்படித்தான்.

வீடு புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே ஒன்றரைக் கிலோமீட்டர். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. மகள் ஏஞ்சலின் பிரசவத்துக்காக ஓசூருக்குப் போன மனைவி செண்பகம் இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. ஏஞ்சலும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள். குழந்தையை யாராவது பார்க்க வேண்டும். ஆறு மாதம் என்று சொல்லிப் போனவள். ஆறு மாதம் என்பது குழந்தை நடக்கும் வரை என்றானது. இப்போது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வரை என்று நிற்கிறது. மகன் ஸ்டீபன் கடற்படையில், விசாகப்பட்டினத்தில். ஒரு போர்க்கப்பலின் எஞ்சின் அறையில் மெக்கானிக்.

ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று கை பழக ஜெயராஜுக்கு ஒரு மாதம் ஆயிற்று. பழகிய பிறகு சமையலும் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தால் ஏழு மணிக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

போன வருஷம் பிப்ரவரியில் ஸ்டீபன் போனில் ஒரு விஷயம் சொன்னான். அவன் கப்பலுக்கு வயதாகிவிட்டது, வருகிற ஜனவரியில் ஓய்வு கொடுக்கப் போகிறார்கள், அதற்கு ஒரு விழா இருக்கிறது, மேடையில் வைக்கக் கப்பலின் சின்ன மாதிரி ஒன்று செய்ய வேண்டும் என்று அதிகாரிகள் பேசிக்கொள்கிறார்கள் என்றான்.

"நான் செய்றேன்னு சொல்லு," என்றார் ஜெயராஜ்.

"இன்னாத்த?"

"கப்பல."

ஸ்டீபன் சிரித்தான். "நைனா, அது டேங்க் இல்ல."

"டேங்குக்குத் தண்ணி உள்ள கீது, கப்பலுக்கு வெளிய கீது. மத்தபடி தகடு தகடுதான்."

"சரி, செய். நான் சொல்லி வெக்கிறேன்."

இப்படித்தான் ஆரம்பித்தது. கப்பலுக்குள் போட்டோ எடுக்க, படம் அனுப்ப ஸ்டீபனுக்கு அனுமதி இல்லை. புதுவாயலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கோபால், எங்கோ வெளிநாட்டில் ஒருவர் பொழுதுபோக்காக அந்தக் கப்பலை வரைந்து இணையத்தில் போட்டிருந்ததைத் தேடிப் பிடித்து, இரண்டு தாள்களில் எடுத்துக் கொடுத்தார். முதல் தாளில் கப்பலின் உடல் மட்டும். இரண்டாவது தாளில், உடலுக்கு மேல் மாடி மாடியாக எழும்பி நிற்கும் நடுப்பகுதி மட்டும் பெரிதாக: மையத்தில் முன்பக்கத் தோற்றம், இரு புறமும் பக்கத் தோற்றங்கள். அந்தப் பகுதிக்கு ஜெயராஜ் நடுக்கட்டு என்று பெயர் வைத்தார்.

இருநூறில் ஒன்று என்று அளவு எடுத்துக்கொண்டார். நிஜத்தில் ஒரு மீட்டர், இங்கே ஐந்து மில்லி. நூற்றுப்பத்து மீட்டர் கப்பல் ஐம்பத்தைந்து சென்டிமீட்டரில் அடங்கும். செண்பகத்தின் தையல் மிஷின் மேஜை அதற்குச் சரியாக இருந்தது. மிஷின் தலையை உள்ளே மடக்கிவிட்டு அதன் மேல் பலகை போட்டுக்கொண்டார்.

"மிஷினு மேல பெயிண்ட கொட்டி வெக்காத," என்று செண்பகம் போனில் சொன்னாள்.

"கொட்ட மாட்டேன்."

"நீ ஊடு கட்டும்போதும் இப்டித்தான் சொன்ன. இன்னும் கதவு கைப்புடில சுண்ணாம்பு கீது."

கப்பலின் உடலை, தொழிற்சாலைக்கு மெஷின் வந்த பெட்டியின் பைன் மரத்தில் செதுக்கினார். நடுக்கட்டுக்குப் பித்தளை. தொழிற்சாலையில் இடைவெளி அடைக்க வைக்கும் மெல்லிய பித்தளைத் தகடு, வெட்டியதுபோக மிச்சம் குப்பையில் கிடக்கும். சூப்பர்வைசரிடம் கேட்டு, உள்ளங்கை அளவு துண்டு ஒன்றுக்குச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். கேட்டில் செக்யூரிட்டி டிபன் பாக்ஸைத் திறந்து அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"இன்னாண்ணா இது, நாஷ்டாவா?"

"போர்க்கப்பல்," என்றார் ஜெயராஜ். செக்யூரிட்டி சீட்டில் கையெழுத்துப் போட்டான்.

பீரங்கிக் குழாய்க்கு மருந்துக்கடையில் வாங்கிய ஊசி. ரேடாருக்கு டீ வடிகட்டியின் வலை. தளத்தைச் சுற்றி வரும் கைப்பிடிக் கம்பிக்கு, மின்சார ஒயரைச் சீவி உள்ளேயிருந்து எடுத்த தலைமுடி போன்ற செம்பு இழைகள். ஐந்து மில்லி உயரத்தில் முந்நூற்று நாற்பது கம்பம் நட்டு, ஒவ்வொன்றிலும் மூன்று இழை ஓட்டி ஈயத்தால் பற்ற வைக்க மூன்று மாதம் பிடித்தது. பற்றவைப்புக் கோலின் சூடு பக்கத்துக் கம்பத்துக்குப் போனால் அது சாய்ந்துவிடும். அதனால் ஒன்றைப் பற்ற வைக்கும்போது பக்கத்தில் இருப்பதை ஈரப் பஞ்சால் மூடி வைப்பார். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு கம்பம். பிறகு மூச்சு. பிறகு அடுத்தது. வேலை முடிந்து நிமிர்ந்தால் எட்டரை, ஒன்பது ஆகியிருக்கும். அது போதும்.

தொழிற்சாலையில் அவரோடு சாப்பிடுகிறவன் அன்புராஜ், வெல்டர், பத்து வயது சின்னவன். "இன்னாண்ணா, கப்பலு கரைக்கு வந்துச்சா, இன்னும் கடல்லயே கீதா?" என்று தினமும் கேட்பான்.

"கம்பி கட்டிகினு கீறேன்."

"நேத்தும் கம்பிதான, முந்தாநேத்தும் கம்பிதான. பேஜாரு புடிச்ச கப்பலா கீதே."

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் ஸ்டீபன் வீடியோவில் வருவான். ஜெயராஜ் போனைக் கப்பலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நகர்த்திக் காட்டுவார். அதுவரை வாரம் இரண்டு நிமிஷம் பேசியவர்கள் அரைமணி பேசினார்கள். ஆகஸ்டில் ஒரு ஞாயிறு நடுக்கட்டு முடிந்திருந்தது. வலப்பக்கம் உயிர்காப்புப் படகு, இடப்பக்கம் சின்ன கிரேன். ஸ்டீபன் முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தான்.

"சூப்பரா கீது நைனா," என்றான்.

"மேல காட்டவா?"

"காட்டு."

டிசம்பர் முதல் வாரம். சாப்பாட்டு வேளையில் அன்புராஜ் தன் போனை நீட்டினான். "அண்ணா, இத்த பாரு. உன் பையன் கப்பல்தான இது?" கடற்படை தினத்துக்காக யாரோ கரையிலிருந்து எடுத்த வீடியோ. கப்பல் திரும்பித் துறைமுகத்துக்குள் வந்துகொண்டிருந்தது. ஜெயராஜ் சோற்றில் கை வைத்தபடி பார்த்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தார்.

படகு இடப்பக்கம் இருந்தது. கிரேன் வலப்பக்கம்.

"இது திருப்பி எடுத்த வீடியோவா?"

"செல்ஃபி மாரி திரும்பிக்கினு இருக்கும்ணா."

"கப்பல் மேல நம்பரப் பாரு. நேரா படிக்க வருதே."

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராகக் கோபால் கடைக்குப் போனார். இரண்டாவது தாளை முழுசாக, ஓரம் வெட்டாமல், பெரிய தாளில் எடுத்துத் தரச் சொன்னார். முதலில் எடுத்தபோது தாள் போதாமல் கீழ் மூலை விடுபட்டிருந்தது. இப்போது அந்த மூலையில் பட்டாணி அளவில் ஒரு குறி இருந்தது: இடது புறம் வட்டம், வலது புறம் கூம்பு.

அந்தக் குறி அவருக்குத் தெரியாதது இல்லை. நம் ஊரில் வரைகிற படங்களில், வலது புறம் வரைந்திருப்பது பொருளின் இடப்பக்கத் தோற்றம். அமெரிக்க முறையில் வரைந்தால் வலது புறம் இருப்பது வலப்பக்கத் தோற்றமே. எந்த முறை என்று சொல்வது மூலையில் உள்ள அந்தக் குறிதான். தொழிற்சாலையில் எந்தப் படம் வந்தாலும் ஜெயராஜ் முதலில் பார்ப்பது மூலையைத்தான். கப்பல் படத்தில் இருந்தது அமெரிக்க முறைக் குறி; முதலில் எடுத்த தாளில் அந்த மூலையே இல்லை. கையில் பழகிய முறைப்படி இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிப் படித்துவிட்டார். படம் படிக்கத் தெரியாத ஒருவர் பார்த்ததைப் பார்த்தபடி செய்து சரியாக முடித்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை. அன்றைக்கே ஸ்டீபனைக் கூப்பிட்டார்.

"படகு பக்கம் மாறிக் கீது."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நீ பாத்தியா?"

"பாத்தேன் நைனா."

"எப்போ?"

"ஆகஸ்ட்ல."

"ஏன் சொல்லல?"

"நீ சந்தோசமா செஞ்சிகினு இருந்த. யாரு அத்தப் போய் பாக்கப் போறாங்கன்னு..."

"யாரு பாக்கப் போறாங்கன்னா? மேடைல வெக்கிறாங்களே. அவங்கல்லாம் அதுல வேல செஞ்சவங்கதான?"

 ஸ்டீபன் சொல்லிவிட்டான். விழாவுக்கான மாதிரியை மும்பையில் ஒரு கம்பெனியில் ஜூலையிலேயே ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். அவன் அப்பாவின் கப்பலைப் பற்றி அதிகாரியிடம் ஒருமுறை சொன்னான், அவர் நல்லது என்றார், அவ்வளவுதான். "உங்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். அம்மாதான் வேணாம்னுச்சு. செய்யட்டும் வுடுன்னுச்சு."

ஜெயராஜ் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். "சாப்ட்டியா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றான். வைத்துவிட்டார்.

அடுத்தது செண்பகம். அவன் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும், அவளே கூப்பிட்டாள்.

"கோவமா கீறியா?"

"இல்ல."

"சொல்லியிருந்தா நீ இன்னாயா பண்ணியிருப்ப? செவுத்தப் பாத்துகினு குந்தியிருப்ப."

"குந்தியிருப்பேன்."

"அதுக்குத்தான் சொல்லல." குழந்தை ஏதோ கேட்டு அழுதது. "இரு, பால் கேக்குது," என்று வைத்தாள்.

அன்று ஜெயராஜுக்கு நினைவுக்கு வந்தது அரசப்பன். ஜெயராஜுக்கு முன்னால் மார்க்கிங் செய்தவர், ரிட்டையராக ஒரு வருஷம் இருக்கும்போது கண் மங்கிப்போனது. கோடு விலகி ஓடும். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் ஷிப்ட் முடிந்து போனதும் ஜெயராஜ்தான் கோட்டை அழித்து மறுபடி போடுவார். மறுநாள் அரசப்பன் வந்து, வெட்டிய தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரியா வந்திருக்கே," என்பார். எல்லோரும் ஆமாம் என்பார்கள். நல்ல காரியம் செய்ததாகத்தான் ஜெயராஜ் இத்தனை நாள் நினைத்திருந்தார். அரசப்பனுக்கு அது தெரிந்திருந்ததா என்று அன்றுவரை அவர் யோசித்ததில்லை.

மறுநாள் அன்புராஜிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவன் நன்றாக யோசித்தான்.

"ஒன்னு பண்ணுண்ணா. கப்பல கண்ணாடி முன்னால வெச்சிடு. பாக்கறவன கண்ணாடியப் பாக்கச் சொல்லு. படகு இடப்பக்கம் தெரியும்."

ஜெயராஜ் சிரித்துவிட்டார். "அறுத்து எடுக்கப் போறேன்."

"அதான் அவங்க வேணாம்னுட்டாங்களே."

"தப்பா கீது."

"யாருக்கு தப்பா கீது? உன் ஊட்லதான இருக்கப் போவுது."

"தப்பா கீதுடா."

ஹேக்ஸா பிளேடின் உடைந்த துண்டு ஒன்றைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு நடுக்கட்டைத் தளத்திலிருந்து அறுத்தார். அறுக்கும் அதிர்வில் நாற்பது கைப்பிடிக் கம்பங்கள் போயின. படகையும் கிரேனையும் இடம் மாற்றினால் போதும் என்று முதலில் நினைத்தார். அது நடக்கவில்லை. படகு தொங்கும் இடத்தில் சுவர் உள்வாங்கியிருக்க வேண்டும், கிரேன் பக்கம் நேராக இருக்க வேண்டும். பித்தளையை ஒருமுறை மடித்தால் பிறகு நிமிர்த்தினாலும் தழும்பு தெரியும். எல்லாவற்றையும் புதிதாக வெட்டினார். மறுபடி சீட்டு, மறுபடி கேட்டில் டிபன் பாக்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டீபன் கூப்பிட்டபோது அவர் போனைக் கப்பல் பக்கம் திருப்பவில்லை. அவனும் கேட்கவில்லை. பேச்சு பழையபடி இரண்டு நிமிஷத்துக்கு வந்தது. சாப்பிட்டாயா, மழையா, லீவு எப்போது.

கிறிஸ்துமஸுக்கு ஓசூர் போய் இரண்டு நாள் இருந்தார். பேத்தி அவரைப் பார்த்து முதல் நாள் அழுதது, இரண்டாம் நாள் பழகியது, மூன்றாம் நாள் காலை அவர் கிளம்பிவிட்டார். ஜனவரியில் விழா நடந்தது. போட்டோவில் ஸ்டீபன் வெள்ளை உடுப்பில் நாலாவது வரிசையில் நின்றான். மேடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மும்பைக் கப்பல். ஜெயராஜ் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். படகு சரியான பக்கத்தில்தான் இருந்தது. கைப்பிடிக் கம்பி மட்டும் கொஞ்சம் தடிமன்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் ஸ்டீபன் லீவில் வந்தான். விசாகப்பட்டினத்திலிருந்து வரும் ரயில் கும்மிடிப்பூண்டியில் நிற்காது. சென்னைக்குப் போய் இறங்கி, லோக்கல் ரயில் பிடித்துத் திரும்பி வர வேண்டும். வீட்டுக்குள் நுழையும்போது பதினோரு மணி. ராத்திரி ஓசூருக்குக் கிளம்ப வேண்டும், மறுநாள் ஏஞ்சல் குழந்தைக்குப் பிறந்தநாள். ஜெயராஜ் அன்றைக்கு லீவு போட்டு, பழவேற்காட்டு இறால் வாங்கி வைத்திருந்தார். சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு வந்த ஸ்டீபன் தையல் மிஷின் அருகே நின்றான். ஜெயராஜ் கப்பலை மூடியிருந்த பழைய நைலக்ஸ் புடவையை எடுத்தார்.

படகு இடப்பக்கம் இருந்தது.

"மாத்திட்டியா," என்றான் ஸ்டீபன். குனிந்து பார்த்தான். "சூப்பரா கீது நைனா."

"அந்த வார்த்த வேணாம்."

ஜெயராஜ் சட்டைப் பையிலிருந்து, ஊசி முனையாகச் சீவிய ஒரு மஞ்சள் சாக்பீஸை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "எங்க ஷாப்ல இன்ஸ்பெக்டர் வந்தா, தப்பு இருக்கிற எடத்த மஞ்ச சாக்பீஸால சுத்துவாரு. நாங்க யாரும் கோச்சிக்க மாட்டோம். சரி பண்ணுவோம். திரும்ப வந்து பாத்துட்டு, சுத்தினவரே அழிப்பாரு. வேற எவனும் அழிக்கக் கூடாது. நீ இதுல மூணு வருசம் இருந்தவன். பாரு."

"நைனா, நீ தனியா கீறன்னுதான் அம்மாவும் நானும்..."

"அது வேற, இது வேற. பாரு."

ஸ்டீபன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். போன் டார்ச்சை அடித்துக்கொண்டு முன்முனையிலிருந்து ஆரம்பித்தான். ஜெயராஜ் உள்ளே போய்ப் பாத்திரம் துலக்கினார். துலக்கிய பாத்திரத்தை மறுபடி துலக்கினார். முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டான்.

"இந்த ஏணி."

புகைபோக்கிக்குப் பின்னால், கீழ்த்தளத்திலிருந்து மேலே ஏறும் ஏணி. நகக்கண் அகலம்கூட இல்லை.

"எத்தினி படி வெச்சிக்கீற?"

"பத்து. படத்துல பத்து."

"பதினொன்னு நைனா. எஞ்சின் ரூம்லேர்ந்து வெளிய வரணும்னா நாங்க இதுலதான் ஏறணும். மூணு வருசம் தெனம் ஏறியிருக்கேன். லைட்டு இல்லன்னாகூட காலு எண்ணும்."

"படத்துல பத்துதான் போட்டிருக்கு."

"படம் போட்டவன் ஏறியிருக்க மாட்டான்."

ஜெயராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். எண்ணினார். பத்து. "சுத்து," என்றார்.

ஸ்டீபன் ஏணியைச் சுற்றி, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மஞ்சள் வட்டம் போட்டான்.

"வேற?"

"வேற இல்ல."

"நல்லா பாரு."

மறுபடி பத்து நிமிஷம் பார்த்தான். வேறு இல்லை என்றான். ஜெயராஜ் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கப்பலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். டீ போட்டார். இரண்டு பேரும் குடித்தார்கள்.

"இத்த நான் எடுத்துக்கினு போறேன்," என்றான் ஸ்டீபன். "எங்க எஞ்சின் ரூம் பசங்க பாக்கணும். அந்த பாம்பே கப்பல்ல ஏணியே இல்ல, சும்மா கோடு போட்டு வெச்சிக்கீறான்."

ஒரு வருஷமாக அவர் கேட்க நினைத்திருந்த பேச்சு. ஜெயராஜ் டம்ளரைக் கீழே வைத்தார். "ஏணி மாத்தணும்."

"ஒரு படிதான நைனா. நான் சொல்லிக்கிறேன்."

"மாத்தணும். ஏணிய எடுத்தா பக்கத்துல ரெண்டு கம்பமும் வரும். ரெண்டு நாள் வேல."

"எனக்கு இன்னிக்கு வண்டி."

"அப்போ அடுத்த வாட்டி."

ஸ்டீபன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வற்புறுத்தவில்லை. இருட்டுவதற்கு முன் கூட்டுரோட்டுக்கு நடந்தார்கள். ஷிப்ட் விட்ட நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன.

"நீயும் வாயேன் ஓசூருக்கு."

"நாளைக்கு ஒரு டேங்க் டெஸ்டு கீது. நான் இல்லாம ஆவாது."

"அடுத்த லீவு ஜூன்லதான் நைனா."

"ஜூன்ல வா."

சென்னை பஸ் வந்தது. ஸ்டீபன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினான். ஜெயராஜும் ஆட்டினார். வரும் வழியில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டார்.

ஏணி இரண்டு நாளில் முடிந்துவிட்டது. பதினோரு படி. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் ஸ்டீபன், "கிட்ட காட்டு," என்றான். எண்ணினான். "கரெக்டு," என்றான். "அந்த வட்டத்த அழிச்சிடு நைனா. அப்புறம் கறையாயிடப் போவுது."

"நீ வந்து அழி," என்றார் ஜெயராஜ்.

சுற்றிலும் உருக்காலைகள் இருப்பதால் புடவை போட்டு மூடினாலும் கறுப்புத் தூள் இறங்கத்தான் செய்கிறது. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் மெல்லிய பிரஷ்ஷால் கப்பலைத் துடைக்கிறார். முன்முனையில் ஆரம்பித்து, நடுக்கட்டைச் சுற்றி, புகைபோக்கிக்குப் பின்னால் வரும்போது கையை நிதானப்படுத்தி, மஞ்சள் வட்டத்தின் மேல் பிரஷ் படாமல் தாண்டிக்கொள்கிறார். ஜூனுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.